கருவூலத்தைத் திறக்கும் அதிகாரம் யாருடையது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அதிகாரப் பிரிவினை பற்றி உங்கள் நாளிதழில் வரும் கட்டுரைகளையும் வாசகர் கடிதங்களையும் தொடர்ந்து படித்து வருகிறோம். மசோதாவை ஆளுநர் நிறுத்தி வைக்கலாமா, அவருக்கு நீதிமன்றம் காலக்கெடு விதிக்கலாமா என்பதைச் சுற்றியே பெரும்பாலும் விவாதம் நடக்கிறது. அவை முக்கியமான கேள்விகள்தாம். ஆனால் சட்டமன்றத்துக்கும் ஆட்சித்துறைக்கும் நடுவே நம் அரசமைப்புச் சட்டம் கிழித்திருக்கும் கோடுகளில் மிக அழுத்தமானது பணத்தைப் பற்றியது. ஆண்டுதோறும் நிதிநிலை அறிக்கைக் காலத்தில் அந்தக் கோடு நம் கண்முன்னே மங்கிக்கொண்டு வருகிறது. அதைப் பற்றி எழுதுவோர் குறைவு என்பதாலேயே இந்தக் கடிதம்.

வரியாக வருவது, கடனாக வாங்குவது, கொடுத்த கடன் திரும்பி வருவது எல்லாம் மாநிலத்தின் தொகுநிதியில் சேருகின்றன. சட்டத்தால் ஒதுக்கப்படாமல் அந்த நிதியிலிருந்து எந்தப் பணத்தையும் எடுக்கக் கூடாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 204-ஆவது கூறும் 266-ஆவது கூறும் திட்டவட்டமாகச் சொல்கின்றன. முதலமைச்சர் உத்தரவிட்டாலும், அமைச்சரவை முடிவெடுத்தாலும், பேரவையின் ஒதுக்கம் இல்லாவிட்டால் கருவூலம் திறக்கக் கூடாது. ஒன்றிய அரசுக்கும் இதே விதிதான். அங்கே கூறுகளின் எண்கள் 112 முதல் 116 வரை, மாநிலத்தில் 202 முதல் 206 வரை.

இந்த ஏற்பாட்டில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஆளுநரின் பரிந்துரை இல்லாமல் மானியக் கோரிக்கையை, அதாவது ஒரு துறையின் செலவுக்குப் பணம் கேட்கும் கோரிக்கையை, பேரவையில் வைக்கவே முடியாது. ஆளுநரின் பரிந்துரை என்றால் நடைமுறையில் அமைச்சரவையின் முடிவு. ஆகவே பணம் கேட்பது ஆட்சித்துறையின் உரிமை. கேட்டதைக் கொடுக்கலாம், மறுக்கலாம், குறைத்துக் கொடுக்கலாம். இது பேரவையின் உரிமை. கூட்டிக் கொடுக்கும் அதிகாரம் பேரவைக்கு இல்லை. ஓர் உறுப்பினர் தம் தொகுதி மருத்துவமனைக்கு 5 கோடி ரூபாய் கூடுதலாகச் சேர்க்க விரும்பினால் அதற்கு வாக்கெடுப்பு கோர முடியாது. அமைச்சரிடம் வற்புறுத்தத்தான் முடியும். கோரிக்கைகள் நிறைவேறிய பின், அந்தப் பணத்தை எடுக்க அதிகாரம் தருவதற்காக வரும் நிதி ஒதுக்கச் சட்டமுன்வடிவில் தொகையையோ அது போய்ச் சேரும் இனத்தையோ மாற்றும் திருத்தத்துக்கும் இடமில்லை. செலவைத் திட்டமிடும் பொறுப்பு ஒரே கையில் இருக்க வேண்டும், கணக்குக் கேட்கும் பொறுப்பு வேறு கையில் இருக்க வேண்டும் என்பதே இதன் பொருள்.

நீதித்துறையின் சுதந்திரத்துக்கும் இதே அத்தியாயத்தில்தான் காவல் போட்டிருக்கிறார்கள். சில செலவுகள் வாக்கெடுப்புக்கே வருவதில்லை. ஆளுநரின் ஊதியம், பேரவைத் தலைவரின் ஊதியம், அரசுக் கடனின் வட்டி, உயர் நீதிமன்ற நீதிபதிகளின் ஊதியம், நீதிமன்றத் தீர்ப்பின்படி அரசு கொடுக்க வேண்டிய தொகை ஆகியவற்றை 202-ஆவது கூறு இப்படி ஒதுக்கி வைத்திருக்கிறது. அவற்றைப் பற்றிப் பேரவை விவாதிக்கலாம், வாக்களிக்க முடியாது. அரசுக்கு எதிராக இழப்பீடு வழங்கச் சொன்ன தீர்ப்பின் மேல் கோபம் கொண்டு அந்தத் தொகையைப் பேரவை வெட்டிவிட முடியாது என்பது இதனால்தான். உயர் நீதிமன்ற நீதிபதிகளின் ஊதியம் மாநிலத் தொகுநிதியிலிருந்தும் ஓய்வூதியம் இந்தியத் தொகுநிதியிலிருந்தும் வருகின்றன. ஒரு மாநில அரசின் மனநிலை நீதிபதியின் முதுமைக் காலத்தைத் தொடக் கூடாது என்ற அளவுக்கு யோசித்திருக்கிறார்கள். இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று: கடன் கூடக் கூட வட்டியும் கூடும். வட்டி வாக்கெடுப்புக்கு வராத செலவு. ஆகவே கடன் வாங்கும் ஒவ்வோர் அரசும், பேரவை கை வைக்க முடியாத பங்கை அடுத்துவரும் பேரவைகளுக்கும் சேர்த்தே பெரிதாக்குகிறது.

இனி, நடைமுறை. நிதிநிலை அறிக்கை தாக்கலாகிறது. சில நாட்கள் பொது விவாதம். அப்போது வாக்கெடுப்பு இல்லை. பின்பு துறைவாரியாக மானியக் கோரிக்கைகள் வருகின்றன. அப்போது உறுப்பினர்கள் கொண்டுவரக் கூடிய கருவி வெட்டுத் தீர்மானம். மக்களவை விதிகளில் அதற்கு மூன்று வடிவங்கள் உண்டு. கொள்கையையே ஏற்கவில்லை என்றால் கோரிக்கையை 1 ரூபாயாகக் குறைக்கக் கோருவது. வீண்செலவு என்றால் குறிப்பிட்ட தொகையைக் குறைக்கக் கோருவது. ஒரு குறையைச் சுட்டிக்காட்ட 100 ரூபாயைக் குறைக்கக் கோருவது. நூறு ரூபாய் என்பதால் இதை அற்பமாக நினைக்கக் கூடாது. அந்த நூறு ரூபாய்த் தீர்மானம் நிறைவேறினால், அவை தன் நம்பிக்கையை விலக்கிக்கொண்டது என்றே மரபுப்படி பொருள்.

கருவி பழுதாவதும் இங்கேதான். 1985-இல் வந்த பத்தாவது அட்டவணைக்குப் பிறகு, கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி வாக்களிக்கும் உறுப்பினர் பதவியை இழக்கக் கூடும். ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவர், தம் துறை சார்ந்த கோரிக்கையில் தவறு இருப்பது தெரிந்தாலும், வெட்டுத் தீர்மானத்துக்குக் கை தூக்க மாட்டார். கட்சித் தாவலைத் தடுக்கப் போட்ட பூட்டு, பணத்தைக் கேள்வி கேட்கும் வாயையும் சேர்த்துப் பூட்டிவிட்டது. கட்சித் தாவல் தடைச் சட்டமே வேண்டாம் என்பது எங்கள் வாதம் அல்ல. ஆட்சி நிலைக்க வேண்டும் என்பதும் நியாயமான கவலை. ஆனால் அவை மண்டபத்தில் வாக்கு உறைந்துபோன பிறகு, உண்மையான ஆய்வு வேறோர் இடத்தில் நடந்தாக வேண்டும்.

மக்களவையில் இரண்டாவது பழுது, கில்லட்டின். மானியக் கோரிக்கைகளுக்கென்று ஒதுக்கிய கடைசி நாளில், குறித்த நேரம் வந்ததும், விவாதிக்கப்படாமல் மிஞ்சியிருக்கும் கோரிக்கைகள் அத்தனையையும் அவைத் தலைவர் ஒரே மூச்சில் வாக்குக்கு விட்டுவிடுகிறார். ஒன்றிய அரசின் கோரிக்கைகள் ஏறக்குறைய நூறு. அவற்றில் நான்கைந்து துறைகள் விவாதிக்கப்பட்டாலே பெரிது. 2018 மார்ச்சிலும் 2023 மார்ச்சிலும் ஒரு துறைகூட விவாதிக்கப்படாமல் எல்லாமே இந்த வழியில் நிறைவேறின. 2023-இல் அந்தத் தொகை ஏறத்தாழ 45 லட்சம் கோடி ரூபாய். எதிர்க்கட்சிகளின் அமளி ஒரு காரணம், அவையை நடத்தும் பொறுப்பில் இருந்தவர்களின் அவசரம் இன்னொரு காரணம். யார் பக்கம் தவறு என்று எத்தனை நாள் வாதிட்டாலும், ஒரு நாட்டின் முழு ஆண்டுச் செலவு கேள்வியின்றிக் கடந்துபோனது கடந்துபோனதுதான்.

தமிழ்நாட்டின் நிலை இதைவிட நல்லது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இங்கே கோரிக்கைகள் துறைவாரியாகப் பல நாட்கள் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. ஒவ்வொரு துறைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பு அச்சாகி வருகிறது. ஆனால் அதைத் தொடர்ந்து ஒரு பழக்கம் வேரூன்றிவிட்டது. விவாதத்துக்குப் பதிலளிக்க எழும் அமைச்சர், கேட்ட கேள்விகளுக்கு விடை சொல்வதைவிடப் புதிய அறிவிப்புகளை வாசிப்பதற்கே அதிக நேரம் எடுத்துக்கொள்கிறார். மறுநாள் பத்திரிகைகளிலும் அந்த அறிவிப்புகளே தலைப்பாகின்றன. அவற்றுக்கான பணம், அன்று வாக்குக்கு விடப்பட்ட கோரிக்கையில் இருந்ததா, அல்லது பின்னால் கூடுதல் பணம் கேட்டு வைக்கும் துணை மானியக் கோரிக்கையில் வரப்போகிறதா என்று யாரும் கேட்பதில்லை. பேரவை ஒரு தொகைக்கு வாக்களிக்கிறது. அறிவிப்புகள் வேறொரு தொகையை நோக்கிப் போகின்றன.

நிதி ஒதுக்கச் சட்டம் என்னும் இந்தப் பூட்டு உடைந்தால் என்ன ஆகும் என்பதற்கு உத்தராகண்ட் ஓர் எடுத்துக்காட்டு. 2016 மார்ச் 18 அன்று அந்த மாநிலப் பேரவையில் நிதி ஒதுக்கச் சட்டமுன்வடிவு வந்தது. ஆளுங்கட்சியிலிருந்து விலகி நின்ற 9 பேரையும் சேர்த்து 35 உறுப்பினர்கள் வாக்குகளை எண்ண வேண்டும் என்று கேட்டார்கள். பேரவைத் தலைவர் குரல் வாக்கெடுப்பிலேயே நிறைவேறியதாக அறிவித்துவிட்டார். எண்ணியிருந்தால் தோற்றிருக்கும், தோற்றிருந்தால் அரசே விழுந்திருக்கும் என்பது ஒன்றிய அரசின் வாதம். மார்ச் 27-இல் குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. ஏப்ரல் 1 முதல் சம்பளம் கொடுக்கவே சட்ட அதிகாரம் வேண்டுமே. அதனால் மாநிலச் செலவுக்குக் குடியரசுத் தலைவர் அவசரச் சட்டம் பிறப்பிக்க வேண்டியதாயிற்று. ஏப்ரல் 21-இல் உயர் நீதிமன்றம் குடியரசுத் தலைவர் ஆட்சியை ரத்து செய்தது. உச்ச நீதிமன்ற மேற்பார்வையில் மே 10-இல் நடந்த நம்பிக்கை வாக்கெடுப்பில் அரசு 33-க்கு 28 என்ற கணக்கில் வென்றது. ஒரே ஒரு வாக்கு எண்ணிக்கையை நடத்தாததால் பேரவைத் தலைவர், ஆளுநர், ஒன்றிய அமைச்சரவை, குடியரசுத் தலைவர், உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் ஆகிய எல்லோரும் ஒரு மாநிலத்தின் செலவுக் கணக்குக்குள் இழுத்துவரப்பட்டார்கள். அவை நடவடிக்கையில் முறைதவறியது என்ற காரணத்தைக் காட்டி அதை நீதிமன்றம் கேள்விக்குள்ளாக்கக் கூடாது என்று 212-ஆவது கூறு சொல்வதால், அந்த மார்ச் 18-இன் தவறை அவைக்குள்ளேயே, அந்த நிமிடமே திருத்தியிருக்க வேண்டும். பெரும்பான்மையில் ஐயம் இருக்கும்போது பணம் தொடர்பான எந்த வாக்கையும் எண்ணித்தான் தீர வேண்டும்; இதில் பேரவைத் தலைவருக்கு விருப்புரிமை இருக்கக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

சட்டம் நிறைவேறிய பிறகு கருவூல அளவில் நடப்பதையும் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பணம் பெற்று வழங்கும் அலுவலர் செலவுப் பட்டியலை, எந்த வகைச் செலவு என்று காட்டும் கணக்குத் தலைப்புடன் கருவூலத்துக்கு அனுப்புகிறார். அந்தத் தலைப்பில் ஒதுக்கீடு இருக்கிறதா என்று பார்த்த பின்பே பணம் வழங்கப்பட வேண்டும். ஒரே மானியத்துக்குள் ஒரு தலைப்பில் மிஞ்சியதை இன்னொரு தலைப்புக்கு மாற்றும் மறு ஒதுக்கீட்டு அதிகாரம் ஆட்சித்துறைக்கு உண்டு. ஒரு மானியத்திலிருந்து வேறு மானியத்துக்கு மாற்ற முடியாது. வருவாய்ச் செலவுக்கும் மூலதனச் செலவுக்கும் இடையே மாற்ற முடியாது. பள்ளிக் கட்டடத்துக்கு வாக்களித்த பணம் விளம்பரச் செலவுக்குப் போகாமல் தடுப்பது இந்த வேலிதான். ஒதுக்கீடு போதாது என்றால் துணை மானியக் கோரிக்கையோடு மீண்டும் பேரவைக்கு வர வேண்டும். பேரவை கூடாத நேரத்தில் எதிர்பாராத செலவு வந்தால் எதிர்பாராச் செலவு நிதியிலிருந்து முன்பணம் எடுத்து, பிறகு பேரவையின் ஒப்புதலோடு திருப்பிச் செலுத்த வேண்டும். புயல், வெள்ளத்துக்கு என்று வைத்த அந்த நிதியை, முன்கூட்டியே தெரிந்திருந்த செலவுகளுக்கும் எடுப்பது தவறு. ஒன்றிய அரசு 2021-இல் தன் எதிர்பாராச் செலவு நிதியை 500 கோடியிலிருந்து 30,000 கோடி ரூபாயாக உயர்த்திக்கொண்டபோது இந்தக் கேள்வி போதிய அளவு எழவில்லை.

ஒதுக்கியதையும் மிஞ்சி ஆண்டு முடிவில் செலவாகியிருந்தால் அது மிகைச் செலவு. சட்டத்தின் பார்வையில் அது 204-ஆவது கூறை மீறிய செயல். அரசின் செலவுக் கணக்குகளை ஆராயும் உறுப்பினர் குழுவான பொதுக் கணக்குக் குழு காரணத்தை ஆராய்ந்து பரிந்துரைத்த பின், 205-ஆவது கூறின்படி பேரவை தனிக் கோரிக்கை மூலம் அதை முறைப்படுத்த வேண்டும். நடைமுறையில் பல மாநிலங்களில் மிகைச் செலவுகள் ஆண்டுக் கணக்கில் முறைப்படுத்தப்படாமலேயே கிடக்கின்றன. செலவழித்த அமைச்சர் ஓய்வுபெற்று, அலுவலர் மாறுதலாகிப் போன பிறகு அதற்கு விளக்கம் கேட்பதில் பயனில்லை. பீகார் கால்நடைத் துறையில் நடந்தது இதன் உச்சம். பேரவை ஒதுக்கியதை மிஞ்சிய தொகைகள் பொய்ப் பட்டியல்களின் பேரில் பல கருவூலங்களிலிருந்து ஆண்டுக்கு ஆண்டு எடுக்கப்பட்டன. 1996 ஜனவரியில் சாய்பாசா நகரில் சோதனை நடந்த பிறகே அது வெளிச்சத்துக்கு வந்தது. அதே ஆண்டில் பாட்னா உயர் நீதிமன்றம் விசாரணையை சிபிஐ வசம் ஒப்படைத்தது. ஒதுக்கீட்டையும் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு பேரவைக் குழு உரிய நேரத்தில் பார்த்திருந்தால், நீதிமன்றமும் காவல் துறையும் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அது நின்றிருக்கும்.

இன்னொரு கசிவு சத்தமில்லாதது. மார்ச் 31-இல் செலவாகாத ஒதுக்கீடு காலாவதியாகிவிடும். அதைத் தவிர்க்க, கடைசி வாரத்தில் பணத்தை எடுத்து வைப்புக் கணக்கில் போட்டுவிடுகிறார்கள். ஏட்டில் அது செலவு. உண்மையில் எந்தப் பொருளும் வாங்கப்படவில்லை, எந்தச் சுவரும் எழவில்லை. வைப்புக் கணக்குகள், தொகுநிதிக்கு வெளியே உள்ள பொதுக் கணக்கில் அடங்குபவை. வருங்கால வைப்பு நிதி போலப் பிறருடைய பணத்தை அரசு காத்து வைத்திருக்கும் இடம் அது என்பதால், அதிலிருந்து எடுக்கப் பேரவையின் வாக்கு தேவையில்லை. எனவே ஒரு முறை அங்கே போன பணம் பேரவையின் பார்வையிலிருந்து விலகிவிடுகிறது. தணிக்கை அறிக்கைகள் இதை மீண்டும் மீண்டும் எழுதுகின்றன. ஒதுக்கீட்டை உரிய காலத்தில் ஒப்படைத்துவிட்டு அடுத்த ஆண்டு மறுபடி கேட்பதே நேர்மையான வழி.

தணிக்கைக்கு வருவோம். அரசமைப்புச் சட்டத்தில் மிக முக்கியமான அதிகாரி தலைமைக் கணக்குத் தணிக்கையரே என்ற பொருளில் அம்பேத்கர் 1949-இல் அரசமைப்பு நிர்ணய மன்றத்தில் பேசினார். உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்கும் முறையில்தான் அவரை நீக்க முடியும். பதவிக்காலம் முடிந்த பின் ஒன்றிய அரசிலோ மாநில அரசிலோ அவர் வேறு பதவி ஏற்க முடியாது. பிரிட்டனில் இதே பதவியில் இருப்பவரின் அனுமதி இல்லாமல் கருவூலத்திலிருந்து பணம் வெளியேறாது. நம் நாட்டில் அவருக்கு அந்த அதிகாரம் இல்லை. பணம் போன பிறகு பார்ப்பதே அவர் வேலை. ஆகவே அவருடைய அறிக்கை காலத்தில் வராவிட்டால் அவருடைய பதவியின் பயனே போய்விடும். அறிக்கை ஆளுநரிடம் கொடுக்கப்பட வேண்டும், ஆளுநர் அதைப் பேரவையில் வைக்கச் செய்ய வேண்டும் என்கிறது 151-ஆவது கூறு. எத்தனை நாளுக்குள் என்று சொல்லவில்லை. இந்த ஒரு சொல் இல்லாத இடத்தில்தான் அரசுகள் ஒளிந்துகொள்கின்றன. டெல்லியில் 14 தணிக்கை அறிக்கைகள் அவைக்கு வராமல் தேங்கின. வழக்கு வந்தபோது, அறிக்கையை வைப்பது கட்டாயம், தாமதம் மிகையானது என்று 2025 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. ஆனால் அதற்காகப் பேரவையைக் கூட்டும்படி உத்தரவிட மறுத்துவிட்டது. தேர்தல் முடிந்து ஆட்சி மாறிய பிறகு, பிப்ரவரி 25-இல்தான் முதல் அறிக்கை அவைக்கு வந்தது. நீதிமன்றம் தன் எல்லையில் நின்றது சரியே. அந்த எல்லைக்கு அப்பால் இருக்கும் வேலையைச் சட்டம் இயற்றுபவர்கள் செய்யவில்லை என்பதே குறை.

இதற்கு என்ன செய்யலாம்? நாடாளுமன்றத்தில் 1993 முதல் துறை சார்ந்த நிலைக்குழுக்கள் இருக்கின்றன. இப்போது அவை 24. ஒவ்வொன்றிலும் 31 உறுப்பினர்கள். நிதிநிலை அறிக்கைக்குப் பின் அவைக்கு இடைவேளை விட்டு, கோரிக்கைகளை அந்தக் குழுக்களுக்கு அனுப்புகிறார்கள். செயலாளர்கள் நேரில் வந்து பதில் சொல்ல வேண்டும். மூடிய அறையில் கொறடாவின் கண் எட்டாது. ஆளுங்கட்சி உறுப்பினரும் அங்கே கூர்மையாகக் கேட்பார். கேரளப் பேரவையும் பொருள் வாரிக் குழுக்களிடம் கோரிக்கைகளை அனுப்பி ஆய்வு செய்கிறது. தமிழ்நாடு சட்டமன்றப் பேரவையும் இந்த முறையைக் கைக்கொள்ள வேண்டும். 1986-இல் மேலவை கலைக்கப்பட்ட பின் இங்கே மறுபார்வைக்கு இரண்டாவது அவை கிடையாது என்பதால் நமக்கு இது மேலும் அவசியம்.

தணிக்கை அறிக்கை கிடைத்த பின் கூடும் முதல் கூட்டத்தொடரின் முதல் வாரத்திலேயே அதை வைக்க வேண்டும் என்று பேரவை விதிகளில் எழுதலாம். அப்படியும் வைக்காவிட்டால் 90 நாட்கள் கழிந்ததும் தணிக்கையரே வெளியிடலாம் என்று 1971-ஆம் ஆண்டின் தணிக்கைச் சட்டத்தை நாடாளுமன்றம் திருத்தலாம். மிகைச் செலவை அடுத்த நிதியாண்டு முடிவதற்குள் முறைப்படுத்தாத துறைக்குப் புதிய துணை மானியம் கிடையாது என்று பொதுக் கணக்குக் குழு உறுதியாக நிற்கலாம். 1967 முதல் மக்களவையின் மரபுப்படி அந்தக் குழுவின் தலைவர் எதிர்க்கட்சியைச் சேர்ந்தவர். அந்த நாற்காலிக்கு உள்ள வலிமையைப் பயன்படுத்தினாலே பாதி வேலை நடக்கும்.

உங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். நிதிநிலை அறிக்கை நாளன்று எது விலை ஏறும், எது இறங்கும் என்று முழுப் பக்கம் போடுகிறீர்கள். அது தேவைதான். அதோடு, கூட்டத்தொடர் முடிந்த மறுநாள் ஒரு சிறு அட்டவணை போடுங்கள். எத்தனை கோரிக்கைகள் வந்தன, ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிடம் விவாதம் நடந்தது, எத்தனை வெட்டுத் தீர்மானங்கள் அறிவிக்கப்பட்டு எத்தனை எடுத்துக்கொள்ளப்பட்டன, அமைச்சர்கள் அறிவித்த புதிய திட்டங்களில் எத்தனைக்கு அந்த ஆண்டின் கோரிக்கையிலேயே பணம் இருந்தது, கையிருப்பில் உள்ள தணிக்கை அறிக்கைகளில் எவை இன்னும் அவைக்கு வரவில்லை. துணை மானியக் கோரிக்கை வரும்போது, போன கோரிக்கையில் ஒதுக்கியதில் எவ்வளவு செலவாகாமல் ஒப்படைக்கப்பட்டது என்பதையும் பக்கத்தில் அச்சிடுங்கள். கொள்கை விளக்கக் குறிப்புகள், நிதி ஒதுக்கக் கணக்குகள், பேரவை நடவடிக்கைக் குறிப்புகள் எல்லாம் பொதுவில் கிடைக்கும் ஆவணங்களே. அவற்றிலிருந்து இந்த அட்டவணையைத் தயாரிக்க ஒரு செய்தியாளருக்கு இரண்டு மூன்று நாள் உழைப்பு போதும்.

இப்படிக்கு,
கருவூலத்திலும் கணக்குத் துறையிலும் பணியாற்றி ஓய்வுபெற்ற வாசகர்கள்,
திருச்சிராப்பள்ளி